ஒரு மீட்டருக்கு உள்ளே

தம்ளரின் விளிம்பில் தோன்ற வேண்டிய சிவப்புக் கோடு, தம்ளரைத் தாண்டி, எதுவுமே இல்லாத காற்றில் தோன்றியது.

சிவராமகிருஷ்ணன் கேமராவைத் தாழ்த்தி வெறுங்கண்ணால் பார்த்தார். சாப்பாட்டு மேசைமேல், அவர் காப்பி குடித்து வைத்த தம்ளர் இருந்தது. அதற்கப்பால் கூடம். கூடத்தின் கோடியில், சாரலுக்காகச் சாத்தப்பட்ட பால்கனிக் கதவு. கதவுக்கு வெளியே, டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஆட்டோக்களின் ஹாரன் ஓசை, மூன்று மாடி ஏறி வருவதற்குள் மழையில் நனைந்து மழுங்கி, யாரோ போர்வைக்குள் இருமுவதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தது. மேசைக்கும் கதவுக்கும் இடையே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. மாலை நான்கு மணி. விளக்குப் போடத் தேவையில்லாத, ஆனால் போட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிற, சாம்பல் நிற ஆவணி மாத வெளிச்சம்.

அவர் மீண்டும் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

இக்காலத்து டிஜிட்டல் கேமராவில், ஓர் இணைப்பு வளையத்தின் உதவியால், எழுபது ஆண்டுகளுக்கு முந்திய லென்ஸையும் பொருத்திக்கொள்ளலாம். அத்தகைய லென்ஸுக்குத் தானாகத் தூரம் பிடிக்கத் தெரியாது. அதன் கழுத்திலுள்ள வளையத்தைக் கையால் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு உதவியாக, எந்தப் பொருள் கூர்மையாக விழுகிறதோ அதன் விளிம்புகளைக் கேமரா தன் திரையில் சிவப்புக் கோட்டால் வரைந்து காட்டும். விளிம்பு இருந்தால்தான் கோடு வரும். காற்றுக்கு விளிம்பு கிடையாது.

ஆனால் கோடு அங்கேயே நின்றது. சிறிய கோடு, ஆளுயரத்தில் வளைந்து நின்றது, மனிதக் காதின் மேல்வளைவைப் போல. வளையத்தில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். ஐந்து மீட்டர்.

கல்கத்தாவின் மழைக்காலம் லென்ஸுகளின் எமன். ஒரு வருஷம் பீரோவில் கிடந்ததில் பூஞ்சை பிடித்திருக்கும் என்று எண்ணி, லென்ஸைக் கழற்றி, கைவிளக்கை அதன் வழியே அடித்துப் பார்த்தார். கண்ணாடி பளிங்காக இருந்தது. அவ்வளவு சுத்தமாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. மீண்டும் பொருத்தியபோது காற்றில் எதுவும் இல்லை.

கைப்பேசி மணி அடித்தது. எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, மேசைமேல் வைத்தார். கேமராவும் அணையாமல் பக்கத்திலேயே, கூடத்தைப் பார்த்தபடி இருந்தது.

"நான்தான் பத்மஜா பேசறேன். நாளைக்கு எங்காத்துக்காரரோட வருஷாப்திகம், மறக்காம வந்துடுங்கோ. ஜலஜாவையும் அழைச்சுண்டு வாங்கோ. பன்னெண்டரைக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். வாத்தியார் கார்த்தால வரேன்னிருக்கார். அவரோட கார்த்தால பத்து மணிக்குத்தான் விடியும், அது வேற விஷயம்."

"வந்துடறோம் மாமி."

"அந்தப் பழைய லென்ஸைக் கொண்டுவருவேள் இல்லையோ? அவருக்கு அதுல எடுத்துக்கணும்னு அவ்வளவு ஆசை. அவரைத்தான் எடுக்க முடியாமப் போயிடுத்து. எங்களையாவது அதுல ஒண்ணு எடுத்துக் குடுங்கோ."

"கையிலதான் வெச்சிண்டிருக்கேன், மாமி."

மறுமுனையில் சிறிது நேரம் மிக்ஸியின் ஓசை. அது நின்றதும் மாமியின் குரல் தாழ்ந்தது.

"இன்னொண்ணு கேக்கணும். அந்த லேப்ல பிலிம் கழுவறவர், நிதாய்னு சொன்னேளே. குரு அன்னிக்கு அவரைக் கண்டபடி கத்திட்டு வந்துட்டான். வேலையே போயிடுத்துன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்பா போன துக்கத்துல கத்திட்டான், ஆனா கத்தினது கத்தினதுதானே? அவருக்கு ஒரு வேஷ்டியும் அவர் ஆம்படையாளுக்கு ஒரு புடவையும் எடுத்து வெச்சிருக்கேன். எங்க இருக்கார்னு தெரிஞ்சா நானே போய்க் குடுத்துட்டு, மன்னிச்சுக்கோங்கோன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவேன்."

சிவராமகிருஷ்ணன் தம்ளரை நகர்த்தி வைத்தார். மழை ஒரு கணம் வலுத்துக் குறைந்தது.

"அவர் ஊருக்குப் போயிட்டார் மாமி," என்றார். "மேதினிபூர் பக்கம். விலாசம் தெரியலை."

மேசைமேலிருந்த கேமராவின் திரையில், யாரும் வளையத்தைத் தொடாமலே, சிவப்புக் கோடுகள் எழுந்தன. முதலில் காது. காதுக்குக் கீழே பிடரி. பிடரிக்குக் கீழே, தேய்ந்து மடங்கிய சட்டைக் காலர். அதன்பின் ஒரு தோள், இடப்பக்கம் சற்றுச் சரிந்த தோள். உள்ளே ஒன்றுமில்லை, கோடுகளுக்கு நடுவே பால்கனிக் கதவு தெரிந்தது. யாரோ ஒருவர் இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தார்.

பேச்சு எப்படி முடிந்தது என்று அவருக்கு நினைவில்லை.

"ஊருக்குப் போயிட்டாரா?" சமையலறை வாசலில் ஜலஜா கரண்டியோடு நின்றிருந்தாள். "செத்துப்போயிட்டார்னு தை மாசமே சொன்னேளே?"

"துக்க வீட்டுக்கு இன்னொரு சாவுச் செய்தி எதுக்கு?"

"அதுக்குன்னு செத்தவரை மேதினிபூருக்கு அனுப்பணுமா? நன்னாருக்கு நியாயம்." அவள் மூக்கைச் சுளித்தாள். "ஏன்னா, வினிகரா கொட்டினேள்? கூடமெல்லாம் புளிச்ச நாத்தம் அடிக்கறது. நான் வினிகரே வாங்கறதில்லையே."

நாற்றம் அவருக்கும் எட்டியிருந்தது. அது சமையல் வினிகர் அன்று. பிலிம் கழுவும் இருட்டறையில், மருந்தின் வேகத்தை நிறுத்துவதற்காகக் கலக்கும் அமிலத்தின் நெடி. முப்பது ஆண்டுகள் நிதாயின் சட்டையில் வீசிய நெடி.

"எனக்கு ஒண்ணும் வரலையே," என்றார்.

அவள் உள்ளே போனதும் கேமராவை எடுத்து, வளையத்தைத் திருப்பி, கோடுகள் மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்தி, எண்ணைப் படித்தார். ஐந்து அன்று. மூன்று.

அவர் செய்தது இதுதான்.

சென்ற ஆவணியில், பத்மஜா மாமியின் கணவர் வெங்கடசுப்ரமணியத்துக்கு எண்பது நிறைந்து, லேக் மார்க்கெட் பக்கத்துக் கல்யாண மண்டபமொன்றில் சதாபிஷேகம் நடந்தது. மகன் குருபிரசாத் வீடியோக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தான். சிவராமகிருஷ்ணன்தான் அவரை வேண்டாமென்று சொல்லச் செய்தார். அந்த விளக்குகளின் வெளிச்சத்தில் முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். தாமே, கையால் தூரம் பிடிக்கும் தம் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில், இந்த லென்ஸைக் கொண்டு, பிலிமில் எடுத்துத் தருவதாகச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. மேடையேறி, வாத்தியாரின் கையிலிருந்த மைக்கை வாங்கி, "தயவுசெய்து யாரும் ஃபோனை எடுக்கப்படாது, குறுக்கே கை நீட்டினா நல்ல படம் கெட்டுப்போகும்" என்று இருநூறு பேருக்கு உத்தரவிட்டார். நல்லவர்களாகையால் கீழ்ப்படிந்தார்கள்.

கலசத்து நீரைச் சல்லடை வழியாகத் தம்பதியர் தலையில் ஊற்றினார்கள். கிழவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மழையில் அகப்பட்ட குழந்தையைப் போலச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பு ஒருவருடைய முகத்தில் இருமுறை வருவதில்லை. சிவராமகிருஷ்ணன் அதை எடுத்தார். அடுத்ததை எடுத்தார். முப்பத்தாறு படம் கொள்ளும் சுருளில் முப்பத்தெட்டாவது எடுத்தார். நாற்பதாவதும் எடுத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பிலிமின் நாக்கு, கேமராவுக்குள் இருக்கும் உருளையில் சரியாக மாட்டாவிட்டால், ஷட்டர் அடிக்கும், எண் ஓடும், பிலிம் மட்டும் நகராது. ஒவ்வொரு முறை பிலிமை முன்னுக்குத் தள்ளும்போதும் மறுபக்கத்துக் குமிழ் சுழல்கிறதா என்று கவனிப்பது, இவ்வகைக் கேமராவைத் தொட்ட முதல் நாளிலேயே படிய வேண்டிய பழக்கம். மற்றவர்களுக்கு அவரே பலமுறை சொன்னது. அன்று, மைக்கைப் பிடித்த பெருமையில், கவனிக்கவில்லை. ஓரமாகப் போய்க் குமிழைத் திருப்பினார். எதிர்ப்பே இல்லாமல், பல் விழுந்த ஈறு போல, அது சுழன்றது. நாக்கு உள்ளே போய்விட்டது. இனி யார் பார்த்தாலும் அது எடுத்து முடித்த சுருள்.

திரும்பினார். தம்பதியர் ஈரத்துணியோடு இன்னும் மேடையில்தான் நின்றிருந்தார்கள். ஒரு நிமிடம் போதும். "தப்பு நடந்துபோச்சு, எல்லாரும் ஃபோனை எடுங்கோ" என்று சொல்லியிருந்தால் நூறு படம் கிடைத்திருக்கும், இரண்டு பேர் சிரித்திருப்பார்கள், அவ்வளவே. அவர் சொல்லவில்லை. காலிக் கேமராவை உயர்த்தி, மேலும் இருபது முறை அடித்தார். இதை மறதி என்பது மறதிக்கு இழைக்கும் அநீதி.

பதினோராம் நாள் வெங்கடசுப்ரமணியம் தூக்கத்திலேயே போனார். காரியங்களெல்லாம் முடிந்த மறுநாள், மழித்த தலையோடு குருபிரசாத், படங்கள் எப்படி வந்திருக்கின்றன என்று பார்க்க, கரியாஹாட் சந்தைக்குப் பின்னாலிருந்த லேபுக்குச் சிவராமகிருஷ்ணனோடு வந்தான். நிதாய் ஈரச் சுருளைக் கிளிப்பிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி போல வெறுமை. ஓரத்திலிருந்த எண்கள் மட்டும் கறுத்துத் தெளிவாக விழுந்திருந்தன. மருந்தில் குறையில்லை என்பதற்கு அவையே சாட்சி. தொழில் தெரிந்தவருக்கு ஒரு பார்வை போதும். நிதாய்க்குத் தெரிந்துவிட்டது.

அவர் சிவராமகிருஷ்ணனைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அந்தக் கண்களில் கோபமில்லை. பேச இடம் விட்டுக் காத்திருந்தார்.

"என்ன பண்ணினீங்க நிதாய்தா?" என்று, அண்ணனைக் குறிக்கும் 'தா'வைப் பெயரோடு சேர்த்து, வங்காளத்தில் கேட்டார் சிவராமகிருஷ்ணன்.

நிதாய் சுருளை மெதுவாக மடித்தார். குருபிரசாதின் மழித்த தலையை ஒருமுறை பார்த்தார். "என் தப்புதான், தாதா," என்றார். "மருந்து மாறிப்போச்சு."

குருபிரசாத் கத்தியதும், முதலாளி ஓடி வந்ததும், அன்று மாலையே நிதாய் கணக்குத் தீர்த்து அனுப்பப்பட்டதும் பிறகு நடந்தவை. மறுநாள் போய் முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று இவர் நினைத்தார். அந்த மறுநாள் ஐந்து மாதம் நீண்டது. தை மாதத்தில், டீக்கடைக்காரர் ஒருவர், நிதாய்க்குப் பக்கவாதம் வந்து நாவு அடங்கிப்போய், மூன்று நாள் படுக்கையில் கிடந்து இறந்தார் என்று சொன்னார். அதைக் கேட்டபோது, துக்கத்துக்கு முன்னால், நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைக்கும்போதெல்லாம், தனியாக இருக்கையிலும், அவருக்குக் காது மடல் சுட்டது.

இருட்டுவதற்குள் அவர் எல்லா விளக்குகளையும் போட்டார். ஜலஜா கீழே காய் வாங்கப் போயிருந்தாள். தொலைக்காட்சியை உரக்க வைத்தார். பிறகு, அதன் ஓசைக்கு அடியில் வேறேதோ கேட்பதைப் போலிருந்ததால், அணைத்தார். கேட்டது. சொட்டு. சற்றுக் கழித்து, இன்னொரு சொட்டு. ஈரச் சுருளைத் தொங்கவிட்டால், அதன் நுனியில் நீர் திரண்டு, கனத்து, பிரிந்து விழும் அதே நிதானமான இடைவெளி. குளியலறைக் குழாய்களை இறுக்கினார். பால்கனியின் மழைநீர்க் குழாயைப் பார்த்தார். ஓசை கூடத்திலிருந்தே வந்தது.

கேமராவை எடுத்தார். வேண்டாமென்று கை சொன்னது, எடுத்தார். கோடுகள் இருந்தன. இம்முறை முதுகு இல்லை; பக்கவாட்டு. நெற்றி, மூக்கு, மூக்கின்மேல் கண்ணாடிச் சட்டம், மூடிய உதடு. வளையத்தில் இரண்டரை. பொய்யைத் திருத்தாமல் கழித்த ஒரு மணிக்கு அரை மீட்டரா என்று ஒரு கணக்கு மனத்தில் ஓடியது. உடனே வெட்கமாயிருந்தது.

தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, தாம் நின்ற இடத்திலிருந்து தரையில் அளந்தார். இரண்டரை மீட்டரில், உலர்ந்த மொசைக் தரைமேல், உள்ளங்கையகலம் ஈரம். குனிந்து துணியால் துடைத்தார். துணியை முகர்ந்தார். துடைத்த இடத்தின்மேல் குனிந்திருந்த அவருடைய பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் தவழ்ந்தே சுவரோரம் வந்தார்.

வேறொரு லென்ஸை மாட்டிப் பார்த்தார், எதுவும் தெரியவில்லை. இதை மாட்டினால் தெரிந்தது. அப்படியானால் இதைத்தான் நாளை கொண்டுபோகக் கூடாது. ஆனால் மாமி கேட்டது இதைத்தான். இல்லையென்றால் ஏனென்று கேட்பாள். ஏனென்று கேட்டால்? கட்டிலில் உட்கார்ந்து லென்ஸைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தபோது, அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. வளையத்தில் பொறித்த கடைசி எண் ஒன்று. அதற்கு மேல் வளையம் திரும்பாது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்காகச் செய்யப்பட்ட இப்பழைய லென்ஸுகள், ஒரு மீட்டருக்குக் குறைவான தூரத்திலுள்ள எதையும் கூர்மையாகக் காட்டமாட்டா. அதுவே அவற்றின் எல்லை. அதனால் அந்தக் கோடு எவ்வளவு நெருங்கினாலும், தமக்கும் அதற்கும் இடையே ஒரு மீட்டர் எப்போதும் இருக்கும். கிணற்றில் விழுந்தவன் பிடித்துக்கொள்ளும் புல்லைப் போல அந்த ஒரு மீட்டரைப் பிடித்துக்கொண்டு அவர் அன்று படுத்தார்.

நியூ டவுனில் குருபிரசாதின் வீடு பதினோராவது மாடி. மழை விட்டிருந்தது. வருஷாப்திகம் முடிந்து, எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபோது மணி ஒன்றரை. வீட்டில் எள்ளும் நெய்யும் பாயசமும் மணத்தன. பால்கனியின் பெரிய கண்ணாடிக் கதவு வழியாக, கழுவி வைத்ததைப் போன்ற வெளிச்சம் கூடமெங்கும் நிறைந்திருந்தது. இவ்வளவு வெளிச்சத்தில் என்ன வந்துவிட முடியும் என்று அவருக்குத் தைரியம் பிறந்தது.

"மாமா, ரெண்டாம் தடவை பாயசம் வேண்டாம்னு சொன்னேளாமே? உடம்பு சரியில்லையா?" என்றான் குருபிரசாத்.

"சரியாத்தான் இருக்கார்," என்றாள் ஜலஜா. "நேத்திலேர்ந்து வீட்டுல விளக்கைப் போட்டுண்டு இஞ்ச் டேப்பால தரையை அளந்துண்டிருக்கார். இந்த வீட்டையும் அளக்காம இருந்தாச் சரி."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

குருபிரசாதும் அவன் மனைவி மாதவியும் நாற்காலிகளை நகர்த்திப் போடும் நேரத்தில், பத்மஜா மாமி அவரைத் தனியே, பூஜையறை ஓரத்துக்கு அழைத்தாள். கையில் சட்டம் போட்ட படமொன்று இருந்தது. ஓய்வூதியப் புத்தகத்திலிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கியது. பெரிதாக்கியதில் கணவரின் முகம் புள்ளிகளாகச் சிதறி, கண் எது, நிழல் எது என்று தெரியாமல் கிடந்தது.

"இதுதான் இருக்கு," என்றாள். "அதுக்காகச் சொல்லலை. எனக்கு ஒண்ணு தோணிண்டே இருக்கு. அசன்சோல்ல என் அண்ணாகிட்ட இந்த மாதிரிக் கேமரா இருந்தது. ஒரு கல்யாணம் முழுக்க எடுத்தான். கடைசில பாத்தா பிலிமே ஓடலை, உள்ள மாட்டவே இல்லைன்னான். அன்னிக்கும் அந்த மாதிரி ஏதாவது ஆச்சோ?"

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆயிருந்தாச் சொல்லிடுங்கோ. நான் கோச்சுக்கவே மாட்டேன். மனுஷா கை, தப்பறதுதான். குருகிட்டகூடச் சொல்ல மாட்டேன். அந்த ஏழைமேல பழி இருக்கப்படாது, அவ்வளவுதான்."

புளித்த நெடி அடியோடு இல்லை. காலையிலிருந்து அவர் காதோரம் கேட்டுக்கொண்டிருந்த சொட்டும் நின்றிருந்தது. வீடு முழுதும், வெளிச்சம் முழுதும், யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு அவர் பேசுவதற்கு இடம் விட்டுக் காத்திருப்பதைப் போலிருந்தது. மாமியின் கண்ணில் மன்னிப்பு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தால் போதும்.

கூடத்திலிருந்து குருபிரசாத் எட்டிப் பார்த்தான். ஜலஜாவும் பார்த்தாள்.

"இல்லை மாமி," என்றார். "லேப்லதான் கெட்டுப்போச்சு. எனக்கு நன்னாத் தெரியும்."

மாமி அவர் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "சரி," என்றாள்.

நாற்காலியில் மாமி உட்கார்ந்தாள். மடியில் கணவரின் படம். பின்னால் மகனும் மருமகளும் நின்றார்கள். சிவராமகிருஷ்ணன் பால்கனிக்கு முதுகு காட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்றார். "நான் சொல்ற வரைக்கும் யாரும் அசையப்படாது," என்றார். அவருடைய குரல் மைக்கில் பேசியதைப் போலவே ஒலித்தது. கேமராவைக் கண்ணில் வைத்தார்.

மாமி தெரியவில்லை. மகன் தெரியவில்லை. எல்லாம் கலங்கல். வளையம் ஒரு மீட்டரில் நின்றது, அவர் அதைத் திருப்பவில்லை. திரை நிறையச் சிவப்பு. நேருக்கு நேராக ஒரு முகம். புருவத்தின் ஒவ்வொரு மயிரும். கண்ணாடிச் சட்டத்தின் உடைந்த மூலையில் சுற்றிய நூல். இமை. இமையின் சுருக்கம். கன்னத்தில் வழியும் நீரின் இரு கரைகள். உதடு மூடியிருந்தது.

ஒரு மீட்டர், என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஒரு மீட்டர் இருக்கிறது.

முகம் பெரிதாயிற்று.

பிறகு, விளக்கை அணைத்ததைப் போல, சிவப்பு முழுதும் மறைந்தது.

அவர் மூச்சு விட்டார். வளையத்தைத் திருப்பினார், இலேசாகத் திரும்பியது. மூன்று மீட்டர். மாமியின் புடவைக் கரையில் கோடு வந்தது. குருபிரசாதின் மூக்குக்கண்ணாடியில் வந்தது. சட்டத்தின் நான்கு மூலையிலும் வந்தது. இருக்க வேண்டிய இடங்களில் மட்டும். போய்விட்டது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, அவர் நன்றியோடு ஷட்டரை அழுத்தினார். அருமையான படம்.

அதன் பிறகே நினைவு வந்தது.

ஒரு மீட்டருக்குள் இந்த லென்ஸுக்குக் கண் கிடையாது.

நெடி. மூக்குக்கு நேரே. மிக அருகில்.

சொட்டு. அவருடைய செருப்பில்லாத பாதத்தின்மேல்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. எல்லார் முன்பும். பிலிம் ஓடலை மாமி. நான்தான் மாட்டலை. அவரா பழியை ஏத்துண்டார். நிதாய்தாமேல தப்பே இல்லை. அவ்வளவுதான். நான்கு வாக்கியம். வெட்கம்கூடப் போய்விட்டது, சொல்ல வேண்டும் என்பது மட்டுமே மிஞ்சியது. கேமராவைத் தாழ்த்தினார். வாயைத் திறந்தார்.

திறந்த வாயின்மேல் ஒரு கை வந்து படிந்தது.

ஈரமான கை. வெகுநேரம் நீரில் ஊறி, விரல் நுனிகள் சுருங்கிய கை. முரட்டுத்தனம் இல்லை. அழும் குழந்தையின் வாயைப் பொத்துவதைப் போல, பதமாக. பழியைத் தன்மேல் வாங்கிக்கொண்டவருக்குரிய பதத்தோடு. அவர் கத்தினார். தொண்டையில் எழுந்த கத்தல் பல்லுக்குப் பின்னாலேயே நின்றது.

எதிரே மூவரும் அசையவில்லை. அவர் சொல்லும் வரைக்கும் அசைய மாட்டார்கள், நல்லவர்கள். சிரித்த முகம் சிரித்தபடியே இருக்க, உதடு பிரியாமல், பத்மஜா மாமி கேட்டாள்: "ஆச்சா?"

மாமியின் மடியிலிருந்த படத்தின் கண்ணாடி, பால்கனி வெளிச்சத்தில் பளபளத்தது. உள்ளே புள்ளிகளாகச் சிதறிய முகம். அதன்மேல், துலக்கமாக, அவருடைய முகம். அதில் கை இல்லை. இடக்கன்னத்தில் நான்கு பள்ளம், வலக்கன்னத்தில் ஒன்று. அவற்றின் விளிம்பிலிருந்து நீர் கசிந்து, மோவாயில் திரண்டு, கனத்து, விழுந்தது. பள்ளங்கள் மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தன.